கோவை லேபின் கருத்தரிப்புத் தொகுப்பு: ஊட்டியில் இருக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் தம்பதிக்கு எது உதவும், எது உதவாது

ரத்தத்தை ஊட்டியிலேயே கொடுங்கள். விந்து சாம்பிளை மட்டும் ஊட்டியிலிருந்து கீழே அனுப்பாதீர்கள். இந்தத் தொகுப்பைப் பற்றி ஒரே வரியில் கேட்டால் இதுதான் பதில்.

கோவையின் தனியார் லேப் ஒன்று நீலகிரி முழுக்க வீட்டுக்கே ஆள் அனுப்பி சாம்பிள் எடுத்துக்கொள்கிறது. ‘கருத்தரிப்புக்கு முந்தைய தம்பதி பரிசோதனை’ என்ற பெயரில் நான்கு விஷயங்களை ஒன்றாகக் கட்டித் தருகிறது: ஆணுக்கு விந்துப் பரிசோதனை, பெண்ணுக்கு ஹார்மோன் பரிசோதனைகள், இருவருக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (உடலில் சளி கெட்டிப்பட்டு நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோய்) வரக் காரணமான சிஎஃப்டிஆர் மரபணுவின் பரிசோதனை, கடைசியில் அரை மணி நேரம் வீடியோவில் மரபியல் ஆலோசனை. இதே அமைப்பில் வேறு லேப்களும் விற்பதால் பெயர் சொல்லவில்லை. கணவன் மனைவியில் ஒருவருக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருந்தால் இந்த நான்கில் எதற்குப் பணம் கொடுக்கலாம் என்பதை மட்டும் பார்க்கிறோம்.

முதலில் விந்துப் பரிசோதனை. தொகுப்பில் மிகவும் சொதப்பலான பகுதி இதுதான். குப்பியை வீட்டில் கொடுத்துவிட்டு, காலையில் வந்து வாங்கிக்கொண்டு, மற்ற ரத்த சாம்பிள்களோடு ஐஸ் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுபோகிறார்கள். ஊட்டியிலிருந்து கோவைக்குக் குன்னூர் வழியாக மூன்று மணி நேரம் ஆகும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு அதோடு இன்னும் இரண்டு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் கணக்கே கிடையாது. விந்து சாம்பிளை எடுத்த அரை மணி நேரத்தில், தவறினாலும் ஒரு மணி நேரத்துக்குள், பார்த்துவிட வேண்டும். அதுவரை 20 முதல் 37 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டி ரத்தத்துக்குச் சரி, விந்துக்கு ஆகாது.

‘எப்படியும் விந்தணு இல்லை என்றுதானே வரப்போகிறது, தாமதமானால் என்ன?’ என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஆண்களில் 100க்கு 97, 98 பேருக்கு விந்துக்குழாய் இரண்டு பக்கமும் உருவாகியே இருக்காது, அல்லது கருவிலேயே அடைபட்டுச் சிதைந்திருக்கும். விதையில் அணு உற்பத்தியாகிறது, வெளியே வரத்தான் வழியில்லை. அந்த நிலையை உறுதி செய்வது வெறும் ‘அணு இல்லை’ என்ற வரி அல்ல. அளவு, பிஎச், ஃப்ரக்டோஸ் என்ற மூன்று எண்கள் சேர்ந்துதான் உறுதி செய்கின்றன. விந்துக்குழாய் இல்லாதவருக்குப் பெரும்பாலும், விந்து நீரில் பெரும்பகுதியையும் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையையும் சுரக்கும் விந்துப்பையும் சரியாக வளர்ந்திருக்காது. அதனால் அளவு குறையும் (2021ல் வந்த உலக சுகாதார நிறுவனக் கையேட்டின்படி கீழ் எல்லை 1.4 மில்லி), பிஎச் 7.2க்குக் கீழே அமிலப் பக்கம் போகும், ஃப்ரக்டோஸ் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். நேரம் போகப்போக சாம்பிளிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறிவிடும். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் அமிலமாக இருந்ததும் சாதாரணமாகத் தெரியலாம். துப்புக் கொடுக்க வேண்டிய எண்ணே கெட்டுவிடுகிறது.

இந்த லேபின் ரிப்போர்ட்டில் ஃப்ரக்டோஸுக்கு இடமே இல்லை. தனியாகக் கேட்டால் தனிக் கட்டணம். சாம்பிளைச் சுழற்றி அடியில் தங்கியதைப் பார்த்தார்களா என்ற குறிப்பும் இல்லை. ‘அணு இல்லை’ என்று எழுதுமுன் சாம்பிளை 3000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்ததை மைக்ரோஸ்கோப்பில் தேட வேண்டும். மேலோட்டமாக ஒரு சொட்டைப் பார்த்து எழுதுவது போதாது. ஆகவே இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். மருத்துவமனையோடு சேர்ந்த லேபில், அங்கேயே தரும் அறையில் சாம்பிள் கொடுங்கள். அதற்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். எண்ணெய், எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் வேண்டாம். முதல் சில துளிகள் சிந்திப்போனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ‘அளவு குறைவு’ என்பதைத் தப்பாகப் படித்துவிடுவார்கள். சில வாரம் விட்டு இரண்டாவது முறையும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

இன்னொன்று. சிறுநீரக-ஆண் உறுப்பு மருத்துவர் விரலால் விதைப்பையைத் தொட்டுப் பார்த்தாலே விந்துக்குழாய் இருக்கிறதா இல்லையா என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுவார். இருந்தால் விரலுக்கு இடையில் கெட்டியான கயிறு மாதிரி உருளும். எந்தத் தொகுப்பிலும் இந்தப் பரிசோதனை வராது, ஆனால் பல பரிசோதனைகளைவிட அதிகம் சொல்லும்.

ரிப்போர்ட்டின் வார்த்தையும் முக்கியம். ‘மலட்டுத்தன்மை’ என்று அச்சடித்துக் கொடுத்தால், வீட்டில் அது ‘ஆண்மை இல்லை’ என்று ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றே அல்ல. விறைப்பு, ஆசை, உச்சம், ஹார்மோன் எதற்கும் விந்துக்குழாய் காரணம் இல்லை. விதையிலிருந்து ஊசியால் அணுவை எடுத்து, ஒரு சினைமுட்டைக்குள் ஒரு அணு வீதம் செலுத்தும் இக்சி முறையில் சொந்தக் குழந்தை பெற வழி இருக்கிறது. அணு வெளியே வரவில்லை என்பதால் பால்வினைத் தொற்று வராது என்றும் ஆகாது. ஆணுறை அதற்கு வேண்டும். 100க்கு இரண்டு மூன்று பேருக்கு அணு வெளியே வரவே செய்கிறது என்பதால், பரிசோதிக்காமலேயே ‘நமக்குப் பிள்ளை தங்காது’ என்று தடுப்பை விடுவதும் தவறு.

மரபணுப் பரிசோதனை இந்தத் தொகுப்பின் நல்ல பகுதி. ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் இரண்டு முதல் நான்கு மில்லி ரத்தம். உறையவிடாமல் அனுப்பினால் டிஎன்ஏ நாட்கணக்கில் தாங்கும், மலைப்பாதை தாமதம் இதைப் பாதிக்காது. அதனால்தான் ரத்தத்தை இங்கேயே கொடுக்கலாம் என்றோம். ஆனால் முன்பதிவு செய்யும்போது ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: குறிப்பிட்ட சில மாற்றங்களை மட்டும் பார்க்கிறீர்களா, முழு மரபணுவையும் படிக்கிறீர்களா? 1989ல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த மரபணுவில் இதுவரை 2000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. மலிவான பட்டியல் பரிசோதனைகள் ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் மாற்றங்களை வைத்துத் தயாரானவை. அங்கே பெரும்பான்மையான எஃப்508டெல் என்ற மாற்றம், இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு அதிகம் இல்லை. பட்டியல் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் நம்மூர்த் தம்பதிக்கு அது அரைகுறை நிம்மதிதான். முழு வரிசை வாசிப்பு, பெரிய துண்டு நீக்கத்தையும் இரட்டிப்பையும் பார்க்கும் சோதனை, விந்துக்குழாய் இல்லாமையோடு தொடர்புள்ள 5டி பகுதி பற்றிய ஒரு வரி, மூன்றும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இந்த லேப் கேட்டால் மூன்றையும் தருகிறது. கேட்காவிட்டால் பட்டியல் பரிசோதனைதான் வரும். முன்பதிவுப் படிவத்தில் இது தெளிவாக இல்லாதது பெரிய குறை.

நோய் உள்ளவருக்கு ஏற்கனவே வேலூர் சிஎம்சி போன்ற இடத்தில் மரபணு ரிப்போர்ட் எடுத்திருந்தால், அதே பரிசோதனைக்கு மறுபடி பணம் கட்ட வேண்டாம். அந்த ரிப்போர்ட் நகலைக் கொடுத்துவிட்டுத் துணைக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டுக் கட்டணத்தைக் குறைக்கலாம், குறைக்கிறார்கள்.

ஆலோசனை இந்தத் தொகுப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆலோசகர் தமிழிலேயே பேசுகிறார். மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை வரைகிறார். முதல் கேள்வியே ‘சொந்தத்தில் கல்யாணமா?’ என்பதுதான். அது ஏன் முக்கியம் என்று விளக்குகிறோம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவரிடம் இந்த மரபணுவின் இரண்டு பிரதியும் மாறியவை, எனவே பிள்ளைக்கு ஒன்று நிச்சயம் போகும். துணையும் சுமப்பவராக (மாறிய பிரதி ஒன்று மட்டும் உள்ள, நோய் இல்லாதவராக) இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு. அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் அது இரண்டில் ஒன்று. துணை சுமப்பவர் இல்லையென்றால் பிள்ளைகள் எல்லோரும் சுமப்பவர்கள் மட்டுமே, நோய் வராது. நோயாளியின் தாய், தந்தை இருவருமே சுமப்பவர்கள். எனவே தாய்மாமன் சுமப்பவராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, மாமன் மகளுக்கோ அத்தை மகனுக்கோ நான்கில் ஒன்று. பரிசோதிக்காமல் தாய்மாமனைக் கட்டிய நோயாளிப் பெண்ணுக்குப் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முறைப்பையன், முறைப்பெண் என்றால் எட்டில் ஒன்று. குடும்பத்தில் முன் தலைமுறையிலும் சொந்தத் திருமணம் இருந்தால் இன்னும் ஏறும். இப்படிப்பட்ட தம்பதிக்குக் குடும்பத்தில் ஏற்கனவே தெரிந்த மாற்றத்தை மட்டும் குறிவைத்துப் பார்க்கும் எளிய சோதனை முதல் படியாகப் போதும் என்பதை ஆலோசகர் தானே சொல்கிறார். விலை அதிகமான பரிசோதனையைத் தள்ளிவிடாத நேர்மை அது.

துணையும் சுமப்பவர் என்று வந்தால், கருவைப் பதியவைக்கும் முன்பே பரிசோதிக்கும் முறையும், கர்ப்பத்தில் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்ப்பதும், 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுத்துப் பார்ப்பதும் இருக்கின்றன. எந்த வழியானாலும் இரண்டு பேரின் மாற்றமும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். மரபணு ரிப்போர்ட்டுக்கு வாரக்கணக்கில் ஆகும். கர்ப்பம் தரித்த பிறகு ஆரம்பித்தால் வாரங்கள் கைநழுவிப் போகும். இதைக் கல்யாணத்துக்கு முன்போ, பிள்ளைக்கு முயல்வதற்கு முன்போ செய்ய வேண்டியதன் காரணம் இதுவே.

பெண்ணுக்கான பகுதியில் சினைமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச், தைராய்டு, ப்ரோலாக்டின், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, ஒரு ஸ்கேன் என்று இருக்கின்றன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பெண்ணுக்கு இது தப்பான முதல் படி. கருப்பை வாயில் சளி கெட்டியாக இருப்பதால் கரு தங்கச் சற்று நாளாகலாமே தவிர, பெரும்பாலான பெண்கள் கருத்தரிக்கிறார்கள். சிஎஃப்டிஆர் மாடுலேட்டர் (அந்த மரபணு தரும் புரதத்தின் வேலையைச் சீராக்கும்) மருந்து எடுப்பவர்களுக்கு அந்தச் சளியும் இளகுவதால், எதிர்பாராமலே தங்கிவிடுவதும் உண்டு. அவருக்கு முதலில் வேண்டியவை வேறு. நுரையீரல் அளவு எஃப்இவி1 (முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்று): இருக்க வேண்டியதில் 60 சதவீதத்துக்கு மேல் என்றால் கர்ப்பம் பொதுவாகத் தாங்கும், 50க்குக் கீழே நுரையீரல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பேசியே முடிவெடுக்க வேண்டும். உடல் எடைக் குறியீடு 22ஐத் தொட வேண்டும். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனைதான் வேண்டும். தொகுப்பில் உள்ள மூன்று மாதச் சராசரிச் சோதனை இந்த நோயில் சரியாகக் காட்டாது. ஏ, டி, ஈ, கே சேர்ந்த மாத்திரை எடுப்பவர் வைட்டமின் ஏ அளவையும் பார்க்க வேண்டும். ரெட்டினால் வடிவில் ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவுக்கு ஆகாது.

முக்கியமாக, மருந்துப் பட்டியலைக் கேட்கவே இல்லை. இது மன்னிக்க முடியாத விடுபடல். லூமாகாஃப்டர் என்ற மாடுலேட்டர் கலந்த மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் அப்படியே. சாதாரண ஆன்டிபயாடிக்குகள் குறைப்பதில்லை. அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுப்பதால் வரும் வெள்ளைப்பூஞ்சைத் தொற்றுக்குக் கடையில் கேட்டால் உடனே ஃப்ளூகோனசோல் 150 நீட்டுவார்கள். மாடுலேட்டர் எடுப்பவருக்கு அது அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக்கூடாது. உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் அந்தச் சிக்கலைத் தராது. ஆனால் வைக்கும் நாட்களில் லேடெக்ஸ் ஆணுறையை நம்ப வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் தடுப்பு முறைகளில் ‘அந்தரா’ ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதால் மலைக்கிராமங்களில் வசதி. ஆனால் அது எலும்பு அடர்த்தியைக் குறைக்கும், இந்த நோயில் எலும்பு ஏற்கனவே மெலிந்திருக்கும். காப்பர்-டி நுரையீரல் மருந்து எதோடும் மோதாது. மாடுலேட்டரைப் பிள்ளைக்காகத் தாமாக நிறுத்திவிடுவதும் வேண்டாம், திடீரென நிறுத்தினால் நுரையீரலின் திறன் சரியலாம்.

ரிப்போர்ட், முன்பதிவு செய்த எண்ணின் வாட்ஸ்அப்புக்குப் போகிறது. பல வீடுகளில் அது மாமனார் எண்ணாகவோ அண்ணன் எண்ணாகவோ இருக்கும். உங்கள் எண்ணையே கொடுத்து, ‘வேறு யாரிடமும் தர வேண்டாம்’ என்று படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் செய்கிறார்கள்.

ஆக, எங்கள் கணக்கு இது: மரபணுவும் ஆலோசனையும் மட்டும் தனியாக வாங்குங்கள், தனியாகக் கேட்டால் தருகிறார்கள். விந்துப் பரிசோதனையை மருத்துவமனையிலேயே செய்யுங்கள். பெண்ணுக்கான பகுதிக்குக் கொடுக்கும் பணத்தில் எஃப்இவி1 அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் குளுக்கோஸ் சோதனையும் எடுங்கள்.

கீழே உள்ள மருத்துவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒன்றும் உண்டு. ஊட்டி 2240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். கோவையில் ரத்த ஆக்சிஜனை அளக்கும் விரல் மீட்டர் 96 காட்டினால், வீட்டில் அதே நுரையீரலுக்கு அது குறையும். கர்ப்பத்தை நீங்கள் சுமக்கப்போவது வீட்டில். எனவே வீட்டில் மூன்று நாள் காலையில் எழுந்ததும், கொஞ்சம் நடந்த பிறகும், இருமல் வந்த பிறகும் அளவு எடுத்துத் தாளில் எழுதி, கீழே போகும்போது கொண்டுபோங்கள். அளக்குமுன் நகச்சாயத்தைத் துடைத்துவிடுங்கள். மார்கழிக் காலையில் விரல் பனிக்கட்டியாக இருந்தால் மீட்டர் பொய்யாகக் குறைத்துக் காட்டும். வெந்நீர்ப் பாட்டிலைப் பிடித்து விரலைச் சூடாக்கி, எண் ஆடாமல் நின்ற பிறகே எழுதுங்கள்.