பழைய சட்டத்தைத் திருத்துவதா, புதிதாக எழுதுவதா?

நியூசிலாந்தின் வள மேலாண்மைச் சட்டம் 1991-இல் வந்தது. நிலம், நீர், காற்று, நகரத் திட்டமிடல் என்று 50-க்கும் மேற்பட்ட சட்டங்களில் சிதறிக் கிடந்ததை ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது அதன்மேல் எல்லோருக்கும் கோபம்: வீடு கட்ட அனுமதி இழுக்கிறது, ஆறுகளும் சுத்தமாகவில்லை.

திருத்திக்கொண்டே போகலாம் என்பது ஒரு வழி. இதில் பெரிய லாபம், முப்பது வருடத் தீர்ப்புகள் கையில் இருக்கும். 2014-இல் கிங் சால்மன் மீன்பண்ணை வழக்கில், கடலோரக் கொள்கையில் 'தவிர்க்க வேண்டும்' என்று எழுதியிருந்தால் தவிர்க்கத்தான் வேண்டும், மற்ற நன்மைகளோடு எடைபோட்டுத் தள்ளிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்தத் தெளிவுக்கு எத்தனை வருடம் காத்திருந்தார்கள்! ஆனால் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டுச் சட்டம் ஊதிப்போய்விட்டது.

புதிதாக எழுதினால்? 2020-இல் முன்னாள் நீதிபதி டோனி ராண்டர்சன் தலைமையில் அரசு அமைத்த ஆய்வுக் குழு அதைத்தான் பரிந்துரைத்தது. உள்ளாட்சிகள் தனித்தனியாக வைத்திருக்கும் 100-க்கும் மேற்பட்ட திட்ட ஆவணங்களைப் பிராந்தியத்துக்கு ஒன்றாகச் சுருக்குவது, தாண்டக்கூடாத சுற்றுச்சூழல் எல்லைகளை முன்கூட்டியே வகுப்பது, எல்லாம் நல்ல யோசனைதான். சரி, நடந்தது என்ன? 2023 ஆகஸ்டில் இரண்டு புதுச் சட்டங்கள் நிறைவேறின, ஆட்சி மாறியதும் டிசம்பரிலேயே ரத்து.

என் கணக்கில் புதுச் சட்டமே மேல், ஆனால் இரு பெரிய கட்சிகளும் முதலில் அந்த எல்லைகளிலாவது ஒத்துப்போக வேண்டும். அது நடக்காதவரை, பழையதில் அந்த எல்லைகளை மட்டும் உடனே சேர்ப்பதைத்தான் நான் கேட்பேன்.