ஓராண்டு தாண்டிய பட்டன் போன்: ஒரு அச்சகத்துக்காரரின் அனுபவம்

2025 ஜனவரி 20, திங்கட்கிழமை. பொங்கல் விடுமுறை முடிந்து சிவகாசியில் கடைகள் திறந்ததும் 2,400 ரூபாய் கொடுத்து ஒரு 4ஜி பட்டன் போன் வாங்கினேன். இன்றும் என் சட்டைப் பையில் இருப்பது அதுதான். வாங்கிய புதிதில் இதை எழுதியிருந்தால் ஊரில் எல்லோரையும் உடனே மாறச் சொல்லியிருப்பேன். ஒரு வருடம் தாண்டிய பிறகு சொல்ல வேண்டியது கொஞ்சம் மாறியிருக்கிறது.

ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிறிய அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ், சீசனில் தினசரி காலண்டர் அட்டையில் கடைப் பெயர் அடிப்பது என்று ஓடும். டைப் செய்வதும் புரூஃப் பார்ப்பதும் நானே. மார்கழி நடுவில் ஒரு தை முகூர்த்தப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா வழித் தாத்தா காலமாகிவிட்டார், அம்மா வழித் தாத்தா நன்றாக இருக்கிறார். மறைந்தவர் பெயருக்கு முன் 'தெய்வத்திரு' என்றும் இருப்பவருக்கு 'திரு' என்றும் போடுவது வழக்கம். நான் மாற்றிப் போட்டுவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு மேல் புரூஃப் தாளை மடியில் வைத்துக்கொண்டு, நாலு வரி படிப்பது, போனை எடுத்து ரீல்ஸ் தள்ளுவது, மறுபடி நாலு வரி என்று பார்த்த புரூஃப் அது. வீட்டாரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்தான். ஆனால் கல்யாண வேலையில் அவர்கள் கண்ணுக்குத் தப்புவதைப் பிடிக்கத்தானே நான் இருக்கிறேன்.

600 பத்திரிகை அடித்துக் கட்டிக் கொடுத்தாயிற்று. மூன்றாம் நாள் அந்தத் தாத்தாவே பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்திரிகையை மேஜையில் விரித்து, அந்த வரியில் விரலை வைத்து, "தம்பி, இதை மட்டும் மாத்திக் கொடுத்துருங்க" என்றார். சத்தமே போடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை அவர் விரல் அந்த வரியிலேயே இருந்தது. அறுநூறையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்த விரலை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அன்று இரவு போனில் உபயோகக் கணக்கைத் திறந்து பார்த்தேன். தினசரி சராசரி 5 மணி 40 நிமிடம். அதற்கு முன்பும் முயற்சி செய்யாமல் இல்லை. செயலியை நீக்கினேன், பிரவுசரில் போய்ப் பார்த்தேன். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினேன், இரண்டு நாளில் அதுவும் பழகிவிட்டது. நேரக் கட்டுப்பாடு வைத்தேன், அது குறுக்கே வரும்போதெல்லாம் தள்ளிவிட்டேன். என் மன உறுதியில்தான் ஏதோ குறை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கீழே போகப் போக முடிவே இல்லாமல் நீளும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த அசா ரஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார் என்று படித்தபோது ஒன்று புரிந்தது. பக்கம் முடிகிற இடத்தில்தான் மனுஷன் போதும் என்று எழுந்திருப்பான். அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். தீனி எப்போது விழும் என்று தெரியாதபோது புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். பத்து ரீல்ஸில் ஒன்று நன்றாக இருப்பதும் அதே கதைதான்.

சரி, போனுக்கு வருகிறேன். 1.8 அங்குலத் திரை, 1450 எம்ஏஎச் பேட்டரி, டார்ச், எஃப்எம், பெயருக்கு ஒரு கேமரா. இந்த விலையில் வரும் போன்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நான் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து அழைப்பு பேசுகிறவன். ஐந்து நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிறேன். மெஷின் ஓடும் சத்தத்திலும் எதிராளி பேசுவது தெளிவாகக் கேட்கிறது. இரண்டு தடவை கல் தரையில் விழுந்தது, மூடியும் பேட்டரியும் தனித்தனியாகத் தெறித்தன, எடுத்து மாட்டியதும் வேலை செய்தது. ஹெட்போன் செருகாமலே எஃப்எம் எடுக்கிறது. எங்கள் பக்கத்தில் கோடைப் பண்பலை 100.5 நன்றாகக் கிடைக்கும். காலையில் கடை திறந்து மை கலக்கும் நேரத்தில் இப்போது அதுதான் துணை.

தட்டெழுத்துதான் பெரிய சோதனை. தமிழில் ஒரு எழுத்துக்கு ஒரே பட்டனை மூன்று நான்கு தடவை அழுத்த வேண்டும். எழுத்துக்கோர்ப்பிலேயே வாழ்கிறவன் என்பதால் இன்னொன்றையும் கவனித்தேன். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து வரை ஒரு செய்தி. தமிழில் எழுதினால் 70-தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, செய்திக் கணக்கில் ஐந்து. 'சாயந்திரம் வந்து புரூஃப் பாத்துட்டுப் போங்க அண்ணாச்சி' என்று அடிப்பதற்குள் முக்கால்வாசி இடம் போய்விடும். ஆகவே எழுதுவதைக் குறைத்து, கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தேன். இது நான் எதிர்பார்க்காத நல்லது. மூன்று நாள் வாட்ஸ்அப்பில் இழுத்த ஒரு அட்டை நிறச் சந்தேகம் இரண்டு நிமிடப் பேச்சில் முடிந்துவிடுகிறது.

ரீசார்ஜிலும் நேரம் கூடி வந்தது. டேட்டா வேண்டாதவர்களுக்கு அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதியைத் திருத்தியது. அடுத்த மாதமே அப்படிப்பட்ட திட்டங்கள் வந்தன. முன்பு 84 நாளைக்கு 859 ரூபாய் போட்டுக்கொண்டிருந்தவன் 469-க்கு மாறினேன். அதில் 900 எஸ்எம்எஸ் வரும். எனக்கு அதில் கால்வாசிகூடச் செலவாவதில்லை.

முதல் இரண்டு வாரம் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். எடுத்துப் பார்த்தால் மணி மட்டும் தெரியும். திரும்ப வைப்பேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி கை போகும். இது எல்லோரும் சொல்வதுதான். யாரும் சொல்லாதது மூன்றாவது வாரம். கை போவது நின்றுவிட்டது, அதற்குப் பதில் ஒரு வெறுமை வந்தது. இரவு சாப்பிட்டு முடித்து எட்டரை மணிக்கு உட்கார்ந்தால் பத்தரை வரை என்ன செய்வது என்று நிஜமாகவே தெரியவில்லை. எரிச்சலாக வரும். பிள்ளை ஏதாவது கேட்டால் வள்ளென்று விழுவேன். பட்டன் போன் வாங்கிப் பாதியில் விட்டவர்கள் இந்த மூன்றாவது வாரத்தில்தான் விட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். போனைப் பிடுங்கிவிட்டு அந்த இரண்டு மணி நேரத்துக்கு எதுவும் தராமல் விட்டால் பழைய பழக்கம் திரும்ப வந்தே தீரும். நான் மகளோடு ஆடு புலி ஆட்டம் ஆரம்பித்தேன். அவள் ஏழாவது படிக்கிறாள். புலியை எப்படி அடைப்பது என்று எனக்கே மறந்திருந்தது. எங்கம்மா வந்து உட்கார்ந்து, "ஏய்யா, ஓரத்துல இருந்து வைய்யி" என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

பணம் கொடுப்பது எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வாங்குவதில் சிக்கல் இல்லை. அச்சகத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டைக்கும் என் போனுக்கும் தொடர்பு வேண்டியதில்லை, பணம் வந்தால் பக்கத்தில் இருக்கும் ஒலிப்பெட்டி சொல்லிவிடும். கொடுப்பதுதான் கஷ்டம். பட்டன் போனில் *99# அடித்துப் பணம் அனுப்பலாம். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் கொண்டுவந்த யுபிஐ 123பே வழியாகக் குரல் அழைப்பிலும் அனுப்பலாம். 2024 அக்டோபரில் அதன் உச்சவரம்பை 5,000-இல் இருந்து 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நிதானமாக வீட்டில் உட்கார்ந்து சொந்தக்காரருக்கு அனுப்ப இது போதும். ஆனால் காய்கறிக் கடையில் பின்னால் ஆள் நிற்க, எண் எண்ணாகத் தட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சரிப்படவில்லை. சனிக்கிழமை ஏடிஎம்மில் 3,000 எடுத்து, பாதியைச் சில்லறையாக்கி வைத்துக்கொள்கிறேன். செலவு கண்ணுக்குத் தெரிகிறது. சில்லறை இல்லாமல் டீக்கடையில் கடன் சொன்னதும் உண்டு.

அடுத்தது வாட்ஸ்அப். பத்திரிகை மேட்டர், லோகோ, சாமி படம் எல்லாம் அதில்தான் வரும். அதை விட்டுவிட்டுத் தொழில் செய்ய முடியாது. பட்டன் போனிலேயே வாட்ஸ்அப் ஓடிய காலம் ஒன்று இருந்தது. கைஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பட்டன் போன்களுக்கான அந்த வசதி 2025 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. அதனால் பழைய ஸ்மார்ட்போனை விற்கவில்லை. சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போட்டுவிட்டு, ஸ்மார்ட்போனை அச்சகத்து மேஜையில் வைஃபையோடு விட்டுவிட்டேன். ஓடிபி பட்டன் போனுக்கு வரும், அதைப் பார்த்து அங்கே அடித்தால் போதும். கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கும். அந்த ஸ்மார்ட்போனை 14 நாள் தொடாமல் விட்டால் கணினி இணைப்பு அறுந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, யுபிஐ செயலிகள் சிம் உள்ளே இருந்தால்தான் வேலை செய்யும், ஆகவே அந்தப் போனில் அவை கிடையாது.

இந்த ஏற்பாடுதான் என்னை இத்தனை மாதம் தாக்குப்பிடிக்க வைத்தது. எங்கள் சின்ன வயதில் லேண்ட்லைன் போன் கூடத்தில் ஒரு முக்காலி மேல் இருக்கும். பேச வேண்டும் என்றால் நாம் அங்கே போக வேண்டும். என் ஸ்மார்ட்போனும் இப்போது அப்படித்தான். காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு வரை அது அந்த மேஜையில் இருக்கிறது. ஷட்டரை இறக்கினால் அதுவும் உள்ளே, நான் வெளியே. இதே போனை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் எனக்கு ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

தாங்காது என்பது அனுபவத்தில் தெரிந்தது. ஜூன் 3 அன்று ஐபிஎல் இறுதிப் போட்டி. 18-வது சீசனில் பெங்களூரு அணி 6 ரன்னில் முதல் கோப்பையை வென்றது. நான் ஆரம்பத்திலிருந்தே அந்த அணி ரசிகன். டிவியில் பார்த்து முடித்ததும், எல்லோரும் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும் போல் இருந்தது. மறுநாள் ஸ்மார்ட்போனை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒரு நாள் என்று எடுத்தது, தொடர்ந்து நான்கு இரவு ஒரு மணி வரை போனது. நான்கே மாதத்தில் விட்ட பழக்கம் நான்கே நாளில் திரும்பிவிட்டது. ஐந்தாம் நாள் மேஜைக்கே கொண்டுபோய் வைத்தேன்.

இதில் நான் பெருமையாகச் சொல்ல முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. மார்ச் மாதம் ஒரு நாள் என் மனைவி சொன்னாள்: "ஏங்க, நீங்க போனை விட்டுட்டீங்க. உங்க போன்ல செஞ்ச வேலையெல்லாம் இப்ப நான்தான் செய்யுறேன்." உண்மைதான். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வரும் வீட்டுப்பாடம், கேஸ் புக்கிங், கரண்ட் பில், சொந்தக்காரர் விசேஷத்துக்கு மொய் அனுப்புவது எல்லாம் அவள் தலையில் விழுந்திருந்தது. நான் நிம்மதியாக எஃப்எம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்கு வேலை கூடியிருந்தது. குடும்பத்தோடு இருப்பவர்கள் மாறுவதற்கு முன்பே இதை உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். இப்போது கரண்ட் பில், கேஸ் இரண்டையும் அச்சகத்துக் கணினியில் நானே முடிக்கிறேன். இரவு எட்டரைக்கு அவள் போனில் பள்ளிக் குழுவைத் திறந்து மகளின் பாடத்தைப் பார்ப்பதும் என் பொறுப்பு.

ரயில் டிக்கெட்டும் கணினியில்தான். தட்காலுக்கு 2025 ஜூலையில் இருந்து ஆதார் ஓடிபி கேட்கிறார்கள், அது பட்டன் போனுக்கே வந்துவிடுகிறது. வரைபடம் இல்லாதது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியைத் தேடிய அன்று மட்டும் வலித்தது. ஆட்டோக்காரரிடம் கேட்டுப் போய்ச் சேர அரைமணி நேரம் கூட ஆனது. கேமராதான் ஈடு செய்ய முடியாத இழப்பு. ஆண்டு விழாவில் மகள் கரகம் எடுத்து ஆடியதை நான் எடுத்த படத்தில் அவள் முகம் தெரியவில்லை. இப்போது அவள் மேடையேறும் நாளில் மட்டும் தம்பியின் கேமராவை வாங்கிப் போகிறேன்.

ஆடிப்பெருக்கு அன்று இங்கே அடுத்த வருடக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளிவரும். அதிலிருந்து வேலை நெருக்கும். போன வருடம் அந்த நெருக்கத்திலும் புரூஃப்களை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. காலையில் அச்சகத்திலேயே அடிக்கோலை வரிமேல் வைத்து, ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். 'திரு', 'தெய்வத்திரு' வரும் இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, வீட்டாரைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.

வாங்க நினைப்பவர்கள் 4ஜி அழைப்பு வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, பழைய 2ஜி போனில் அந்த சிம் எடுக்காது. கடையிலேயே ஒரு தமிழ்க் குறுஞ்செய்தியை வரவழைத்து எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று பாருங்கள். பெயர்களை ஏற்றுவதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். நான் 900 பெயரில் 210-ஐ மட்டும் கையால் ஏற்றினேன், அதற்கு மேல் இன்றுவரை தேவைப்படவில்லை.

என் ஏற்பாட்டுக்கு ஒரு சிக்கல் வரும் போலிருக்கிறது. கணக்குத் திறந்த சிம் போனுக்குள் இருந்தால்தான் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் ஓட வேண்டும், கணினி இணைப்பு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வெளியேற வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவு போட்டது. அது முழுதாக வந்தால் அச்சகத்துக்கென்று தனி சிம் வாங்கி, அந்த மேஜைப் போனிலேயே போட்டு, வாடிக்கையாளர்களுக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். புது எண்ணை விசிட்டிங் கார்டில் அடிக்க அட்டைகூட வெட்டி வைத்தாயிற்று.