மெலிந்த நாய்க்கு எந்த ஆங்கிலச் சொல்: ஸ்கின்னியா, இமேசியேட்டடா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தெருநாய்களுக்கு வீடு தேடி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் 'ஸ்கின்னி' என்று போட்டுவிடுகிறார்கள். அப்படிக் குறிப்பு எழுதும்போது, எலும்பும் தோலுமாக இருக்கிற நாய்க்கு நான் 'இமேசியேட்டட்' (emaciated) என்றுதான் போடுகிறேன்.

ஸ்கின்னி நம்ம ஊர் 'ஒல்லிப்பிச்சான்' மாதிரி. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளையைக்கூட அப்படிச் சொல்லலாம். ஸ்லிம், ஸ்லெண்டர் எல்லாம் பாராட்டு, இங்கே பேச்சுக்கே இடமில்லை.

இமேசியேட்டட் என்றாலே பட்டினியோ நோயோ உடம்பை உருக்கிவிட்டது என்று அர்த்தம். நாய்களின் உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அட்டவணை கால்நடை மருத்துவர்களிடம் உண்டு. அதில் 1 என்பது இந்த நிலைதான், அதாவது விலா, முதுகெலும்பு, இடுப்பெலும்பு எல்லாம் தூரத்திலிருந்தே தெரியும், கொழுப்பு இருக்காது, தசையும் கரைந்திருக்கும். 4, 5 இருந்தால் சரியான உடம்பு.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குச் சோறுதான் காரணம். ஸ்கின்னி என்று படித்தவர் பாவம் என்று முதல் நாளே தட்டு நிறையச் சோறும் கறியும் வைத்துவிடுவார். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று அவ்வளவு சாப்பாடு போனால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து, உயிரே போகலாம்; ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பது இதைத்தான். இமேசியேட்டட் என்று படித்தவர் முதலில் டாக்டரைக் கேட்பார், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுப்பார்.

'கான்ட்' (gaunt) என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கன்னம் ஒட்டி, கண் குழிவிழுந்த மனித முகத்துக்கு. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற செட்டிநாட்டு வீட்டுக்குக்கூடப் பொருந்தும், நாய்க்கு என் மனம் ஒப்பவில்லை.

அதற்காக எல்லா நாய்க்கும் இமேசியேட்டட் போடக்கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைநாய் இனங்களுக்கு உடல்வாகே ஒட்டினாற்போலத்தான், ஆரோக்கியமாக இருக்கும்போதே லேசாக விலா தெரியும். அவற்றுக்கு 'லீன்' போதும். பூனை விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு, அடர்ந்த ரோமம் இருந்தால் கையால் தடவிப் பார்க்காமல் எதையும் எழுதமாட்டேன்.

அப்புறம், முன்னால் 'வெரி' சேர்க்கத் தேவையில்லை, கடுமை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் நாயின் எடையை எழுதுங்கள், டாக்டருக்கும் உதவும்.