வரையாடா, சோலைமந்தியா? இரவிகுளமும் சைலண்ட் வேலியும்

போன வருஷம் மே மாதம் இரவிகுளம், இந்த வருஷம் மே மாதம் சைலண்ட் வேலி. இரண்டும் கேரளத்து மலைத் தேசியப் பூங்காக்கள், சென்னையிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம், பரப்பிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. முன்னதில் வரையாடு, பின்னதில் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு. ஆபீசில் இரண்டு பேர் எதற்குப் போகலாம் என்று கேட்டார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். என் ஓட்டு சைலண்ட் வேலிக்கு. "நம்ம கிண்டியிலேயே தேசியப் பூங்கா இருக்கே" என்பவர்களுக்கு: இருக்கிறது, இரவிகுளம் தேசியப் பூங்கா ஆன அதே 1978-இல்தான் அதுவும் ஆனது, ஆனால் மே மாதக் கிண்டியில் யாருக்கும் குளிரப்போவதில்லை.

போகும் வழியைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. இரவிகுளத்துக்கு சென்ட்ரலில் போடிநாயக்கனூர் வண்டி பிடித்து, போடிமெட்டு ஏறினால் மூணாறு. சைலண்ட் வேலிக்கு கோவையில் இறங்கி, ஆனைகட்டி வழியாக அட்டப்பாடிக்குள் நுழைந்து முக்காலி என்ற ஊர். மூணாறில் எந்தக் கையிருப்புக்கும் அறை கிடைக்கும். முக்காலிப் பக்கம் அப்படியில்லை, நாங்கள் கோவையில் தங்கி விடிவதற்கு முன்பே காரில் கிளம்பினோம்.

இரவிகுளத்தில் வரையாடு பார்க்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. வனத்துறை பஸ் ராஜமலையில் இறக்கிவிடும், அங்கிருந்து தார்ச்சாலையில் மெதுவாக ஏறவேண்டும், சாலை ஓரத்திலேயே ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கைப் பார்க்க கேரளத்தில் டிக்கெட் எடுக்கிறோமே என்று மாமனார் சிரித்தார். அந்தப் புல்வெளியும் மடிப்புக்கு மடிப்பு ஒளிந்திருக்கும் சோலைக்காடும் சேர்ந்த அழகை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மே மாத ஞாயிற்றுக்கிழமை போனது என் முட்டாள்தனம். ஒரு பெரிய கிடா கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது, சுற்றி முப்பது நாற்பது மொபைல். "அதுக்கு முதுகு மட்டும் ஏம்ப்பா வெள்ளையா இருக்கு?" என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, பக்கத்தில் கேட்கவும் ஆளில்லை, பின்னால் வந்த கூட்டம் எங்களை நகர்த்திவிட்டது. வயதான கிடாக்களுக்கு மட்டும் முதுகில் சேணம் போட்டதுபோல வெள்ளை விழும் என்பதை ராத்திரி அறைக்கு வந்துதான் படித்தேன். அதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

நான் இரண்டையும் எடைபோடுவது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்: கேள்வி வருகிற நேரத்தில் பக்கத்தில் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா? சைலண்ட் வேலிக்குள் நம் காரில் போகமுடியாது. முக்காலியில் ஜீப் ஏறவேண்டும், கூடவே ஒரு வழிகாட்டி வருவார், காட்டுக்குள் இருக்கும் சைரந்திரி வரை 23 கிலோமீட்டரும், திரும்பி வரும்வரையும் அவர் நம்மோடுதான். எங்களுக்கு வந்தவர் அட்டப்பாடிக்காரர், தமிழ் தாராளமாகப் பேசினார். பாதி வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, முள்முள்ளாக உருண்டையாக ஒரு காயைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் பிய்த்துத் தின்றிருந்தது. வெடிப்பலா. "இதத்தான் சோலைமந்தி தின்னும். மரத்துல இருந்து எறங்குறது ரொம்ப அபூர்வம், மரம் விட்டு மரம்தான் தாவும். நடுவுல காட்ட வெட்டிட்டா, அந்தப் பக்கம் போக அதுக்கு வழியில்ல" என்றார். மகள் காயைப் பையில் போடப் போனாள், எடுத்த இடத்திலேயே போடச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு சைரந்திரியில் காவல் கோபுரம் ஏறி, கீழே குந்திப்புழையைக் காட்டி, இங்கேதான் நீர்மின் திட்டத்துக்கு அணை வருவதாக இருந்தது என்று அவர் சொன்னபோது கதை தானாகப் புரிந்தது. அணை வந்திருந்தால் மந்தியின் காட்டில் ஒரு பகுதி தண்ணீருக்கடியில். எழுபதுகளில் கேரளத்தில் கவிஞர்களும் ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து எதிர்த்து, 1983-இல் திட்டம் கைவிடப்பட்டு, அடுத்த வருஷமே தேசியப் பூங்கா ஆனது. இதையெல்லாம் நான் முன்பே படித்திருக்கிறேன், ஆனால் தின்ற காயைப் பார்த்துவிட்டு அந்த ஆற்றைப் பார்ப்பது வேறு. (சைரந்திரி என்பது விராடன் அரண்மனையில் பாஞ்சாலி வைத்துக்கொண்ட பெயர். ஆற்றின் பெயரில் குந்தி. பாரதம் தெரிந்த மாமனாருக்கு இது போதுமாக இருந்தது.)

மந்தியைப் பார்த்தோமா? பார்த்தோம் என்று சொல்ல வாய் கூசுகிறது. உயரத்தில் ஒரு கிளை ஆடியது, நுனியில் குஞ்சம் வைத்த வால் ஒன்று, பத்து வினாடி, அவ்வளவுதான். கருமந்தியும் மலையணிலும்தான் தாராளமாகத் தெரிந்தன. விலங்கைக் கண்ணால் கண்டே தீரவேண்டும் என்றால் இரவிகுளம்தான், அதில் சந்தேகமில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்கு வாய்த்தது ஒரே ஒரு வழிகாட்டி. எனக்கு முன்னால் போய்வந்த நண்பனுக்கு வாய்த்தவர் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லையாம். இவன் ஏதாவது கேட்டானா என்றால் அதுவும் இல்லை. கேட்டால்தான் பேசுவார்கள் என்பது என் ஊகம், ஒரு பயணத்தை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் நான் போனதில்லை, அட்டையைப் பற்றி மற்றவர்கள் சொன்னதுதான் தெரியும்.

ஜீப் பாதை கரடுமுரடு, போக வர அரை நாளுக்கு மேல் ஆகும். மாமனார் திரும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தார். முதுகு வலிக்காரர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இரவிகுளமே போங்கள், டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்து, வார நாளில், முதல் பஸ்ஸில். பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் திட்டம் போடாதீர்கள், வரையாடு குட்டி போடும் காலம் என்று மூடிவிடுவார்கள். சைலண்ட் வேலிக்கு ஜீப் வாடகை மொத்த வண்டிக்கு என்பதால் தனியாகப் போனால் கட்டாது, நாலைந்து பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள், காலை எட்டு மணிக்கு முக்காலியில் நில்லுங்கள்.

நான் மறுபடி இரவிகுளம் போவேனா? நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. மகள் இப்போதே காலண்டர் ஆப்பில் குறித்து வைத்துவிட்டாள், கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்தே.