வேன் வீட்டில் டெல்டா: தைப் பனியா, ஆடிக் காற்றா?

கூரை வேலை முடிந்து வேன் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. பழைய உள்கூரை ப்ளைவுட்டைக் கழற்றியபோது கூடவே நின்று பார்த்தேன். கீழ்ப்பக்கம் மைக்கா பளபளவென்று இருக்கிறது. மேல்பக்கம் கறுத்து, அடுக்கடுக்காகப் பிரிந்து, விரலால் அழுத்தினால் நார் நாராக வருகிறது. தகட்டோடு குறுக்குச் சட்டம் சேரும் இடமெல்லாம் துரு. இத்தனைக்கும் ஐப்பசி மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே விடாத வண்டி இது. கூரையைக் கெடுத்தது மழை இல்லை, தைப் பனி.

இந்த நேரம் பார்த்துத் திருப்பூர் மச்சான் போன் செய்தார். "மாப்ள, கல்லணையில ஆரம்பிச்சு கோடியக்கரை வரைக்கும் ரெண்டு வாரம் வேன்லயே சுத்தணும். பொங்கல் சமயம்தானே சரி?" கேட்கிறவர்கள் எல்லாரும் பொங்கலை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். சொல்கிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். வேனில் என்னென்ன இருக்கிறது என்று நீட்டப் போவதில்லை. படுக்கை, கேஸ் அடுப்பு, 12 வோல்ட் ஃபிரிட்ஜ், மேலே சோலார். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு மற்றது தெரியும்.

தை, மாசியின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையவே இருக்கிறது. பகலில் வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம், மதியம் ஒரு தூக்கமும் போடலாம். ஃபிரிட்ஜ் அதிகம் ஓடாததால் பேட்டரி விடியும் வரை தாங்குகிறது. ஏரி, குளம் எல்லாம் நிரம்பியிருக்கும். வடுவூர் ஏரியிலும் உதயமார்த்தாண்டபுரத்திலும் பறவைகள், கோடியக்கரையில் பூநாரைகள், புல்வெளியில் வெளிமான்கள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வந்துவிடும். முற்றிய சம்பாவுக்குள் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் உளுந்து தெளித்துக்கொண்டிருப்பார்கள். ஊரே நல்ல மனநிலையில் இருக்கும் காலம். வண்டியை எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் வந்து "கரும்பு எடுத்துக்குங்க" என்பார்.

ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு முகத்தில் ஒரு சொட்டு விழும். துடைத்துவிட்டுப் புரண்டு படுத்தால் காதில் ஒன்று. விளக்கைப் போட்டுப் பார்த்தால் உள்கூரையில் ஸ்க்ரூ இருக்கிற இடத்தில் எல்லாம் ஒவ்வொரு முத்தாகத் தண்ணீர் திரண்டு நிற்கும். தலையணை ஈரம், போர்வை ஈரம். உப்பு டப்பாவைத் திறந்தால் உப்பு கட்டியாகக் கிடக்கும், தீக்குச்சி உரசினால் மருந்து வழித்துக்கொண்டு வரும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டி சொல்வதை வீட்டுக்குள் படுத்துக் கேட்டால் பழமொழி. தகரக் கூரைக்குக் கீழே படுத்தால்தான் அது எவ்வளவு நேரடியான பேச்சு என்று தெரிகிறது.

வேனை வீடாக மாற்றிக் கொடுத்த பட்டறைக்காரரிடம் போனேன். "சார், லீக்கேஜ். சிலிகான் அடிச்சா நின்னுடும்" என்றார். அடித்தார். அடுத்த தையிலும் சொட்டியது. மறுபடி சிலிகான். சோலார் பேனலின் கால்கள் வழியாக வருகிறது என்று அதையும் கழற்றி மாட்டினார். மழைக்கு ஒழுகாத கூரை பனிக்கு மட்டும் எப்படி ஒழுகும் என்று கேட்டால் பதில் இல்லை, பில் மட்டும் இருக்கிறது. வேலை சுத்தமான மனிதர்தான். அலமாரிக் கீல் ஒன்றுகூட இன்றுவரை தளரவில்லை, ஒயரிங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. இவ்வளவு தெரிந்தவர், தகட்டுக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவில் வெறும் கிளாஸ் வூலைத் திணித்துவிட்டு, காற்று புகாமல் ஒரு தாள்கூட ஒட்டாமல் மூடிவிட்டார்.

நடப்பது இதுதான். தை மாத ராத்திரியில் வானம் மேகமில்லாமல் இருக்கும். கூரைத் தகடு தன் சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. கீழே இரண்டு பேர் மூச்சு விடுகிறார்கள், ராத்திரி வைத்த ரசத்தின் ஆவியும் போக இடமில்லாமல் நிற்கிறது. அந்த ஈரக் காற்று கிளாஸ் வூலுக்குள் தாராளமாக நுழைந்து, குளிர்ந்த தகட்டில் பட்டதும் தண்ணீராகி, சட்டத்தில் ஓடி, ஸ்க்ரூ ஓட்டை வழியாக இறங்குகிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை என்பார்கள். மலைப்பக்கம் அது நன்றாக எடுபடும். இங்கே வெளியே இருப்பதும் வயலும் வாய்க்காலும் மூச்சு விட்ட காற்று; திறந்து வைத்தால் பாதிதான் குறைகிறது. வேதாரண்யம் உப்பளப் பக்கம் தங்கினால் கூடவே உப்புக் காற்றும் வரும், துரு இன்னும் வேகமாக ஏறும்.

இதே பனிதான் ரோட்டிலும் வந்து நிற்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பனிக்காலத்தில் அறுத்த நெல் அவ்வளவு காய எங்கே போவது? களம் போதாத ஊரில் தார் ரோடுதான் களம். பாதி ரோட்டில் நெல், ஓரத்தில் கல், இரண்டு முள் கிளை. அந்தப் பக்கம் வைக்கோல். எதிரே அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரி வந்தால் நாம்தான் பின்னால் போக வேண்டும். வைக்கோல் மேல் ஓட்டினால் அடியில் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும், நிறுத்திப் படுத்து அறுத்து எடுக்காமல் போனால் சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளவும் கூடும். விவசாயி மேல் எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. அவர் நெல்லை ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் பக்கத்திலேயே கட்டிலில் படுத்திருக்கிறார். இந்த மாதங்களில் இருட்டிய பிறகு கிராமச் சாலையில் வேன் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

மற்ற மாதங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சித்திரை, வைகாசியில் நிறுத்திய வேனுக்குள் பகலில் இருக்க முடியாது, ஆறெல்லாம் மணல். பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர் பார்க்க ஒரு நாள் வந்தால் போதும், அதற்கு வேன் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையை யோசிக்கவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதைப் பார்த்தவர்கள் அந்த மாதத்தில் தென்னந்தோப்பில் வேனை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். மழை இல்லாத ராத்திரியிலும் விளக்கைப் போட்டால் பச்சைப் பூச்சி மொய்க்கும். கொசுவலை விளிம்பில் இடுக்கு இருந்தால் போதும், சோற்றில் வந்து விழும். ஆவணி, புரட்டாசி பரவாயில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்தப் பக்கம் நிறுத்த இடம் கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் ஆனி, ஆடி. இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை.

வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறக்கிறார்கள். மூன்று, நான்கு நாளில் தண்ணீர் முக்கொம்பு தாண்டிக் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே பூவும் நெல்லும் தூவி மதகைத் திறந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். வேன் இருப்பவர்கள் அங்கேயிருந்து வெண்ணாற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடேயே கிளம்பலாம். தென்பெரம்பூர், ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு மதகு, அங்கே பாமணியாறு பிரிந்ததும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக்காடு. தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரப் பல நாள் ஆகும். அதற்கு முன்னால் ஓர் ஊர் தள்ளி நிறுத்திக்கொண்டு காத்திருக்கலாம். ஓட்டலில் அறை போட்டு வருகிறவர்களுக்கு இது வாய்க்காது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வாய்க்காலில் அது வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் தண்ணீராகத் தெரியவில்லை. சருகு, நுரை, பிளாஸ்டிக் டம்ளர், சுள்ளி எல்லாம் சேர்ந்த ஒரு விளிம்பு, ஆள் நடக்கிற வேகம்கூட இல்லாமல் தரையில் நகர்ந்து வருகிறது. வெடிப்பு வந்த இடத்தில் நின்று, அதற்குள் இறங்கி, குமிழி விட்டு, நிரம்பிய பிறகு மேலே போகிறது. வெடிப்புக்குள் இருந்த பூச்சியெல்லாம் வெளியே ஓடி வருவதைக் கொத்திக்கொண்டு கொக்குகள் அதற்கு முன்னாலேயே நடக்கின்றன. மதகடியில் இருந்த பெரியவர் ஒருவர் இறங்கிக் காலை நனைத்துவிட்டு ஏறி வந்தார்.

ராத்திரி மேல்காற்று. வேனின் மூக்கை மேற்கே வைத்து நிறுத்தி, முன்னும் பின்னும் ஜன்னலைத் திறந்துவிட்டால் கொசு உட்கார முடியாது. உப்பு பொலபொலவென்று கொட்டுகிறது, துவைத்த துண்டு அடுப்பில் சோறு வேகும் முன் காய்கிறது, கூரையில் ஒரு சொட்டு கிடையாது. சோலாருக்கும் வெயில் உண்டு.

குறைகளும் உண்டு. பகலில் சூடு சூடுதான். வெளியே அடுப்பு பற்ற வைக்க முடியாது. பக்கவாட்டுப் பந்தலை விரித்தால் காற்று கிழித்துவிடும். தென்னைக்குக் கீழே நிறுத்தினால் மட்டை விழுந்து சோலார் உடையும். ஆற்றுப் படுகைக்குள், அதுவும் கொள்ளிடத்தில், வண்டியை இறக்கவே கூடாது. மேலே அதிகமாகத் திறந்தால் தண்ணீர் விறுவிறுவென்று ஏறும். தையில் வரும் வலசைப் பறவைகள் கிடையாது. பெரிய குறை தேதி: 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவே இல்லை. மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் லீவு சொல்ல வேண்டும். ஆடிப்பெருக்கு எப்படியும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும். தண்ணீர் வந்துவிட்ட வருஷத்தில் அதையொட்டிப் போனால் திருவையாற்றுப் படித்துறையில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கலாம்.

கணக்குப் போட்டால் தை, மாசிதான் ஜெயிக்கும். குளிர், பறவை, கச்சேரி, விருந்து என்று நானே வரிசையாக எழுதியிருக்கிறேன். ஆனாலும் மச்சானுக்கு நான் சொன்னது ஆடி. கூரைமேல் இருக்கும் கோபத்தில் சொல்கிறேன் என்றார். இருக்கட்டும். மாசியில் விடிய விடிய துண்டை வைத்துக் கூரையைத் துடைத்தவனிடம் கேட்டால் இந்தப் பதில்தான் வரும்.

பொங்கலுக்குத்தான் வருவேன் என்பவர்கள் கிளாஸ் வூலை எடுத்துவிட்டு, நைட்ரைல் ரப்பர் ஷீட்டைத் தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டச் சொல்லுங்கள். கூரையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வையுங்கள். எனக்கு இப்போது அப்படித்தான் செய்திருக்கிறார்கள், வேறு பட்டறையில். வேலையைச் சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். தகடு நன்றாகக் காய்ந்திருந்தால்தான் பசை பிடிக்கும். மார்கழியில் ஒட்டினால் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடுவதாகிவிடும்.