தண்டர்பேர்ட்ஸ்: பொம்மைகள்தான், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கும்

1965-ல் இங்கிலாந்தில் ஒளிபரப்பான ஒரு பொம்மைத் தொடர் இன்றைக்கும் எடுபடுமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில், தயங்காமல் பாருங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மொத்தம் 32 பகுதிகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம்.

முன்னாள் விண்வெளி வீரர் ஜெஃப் ட்ரேசி, பெரும் பணக்காரர், பசிபிக் கடலில் ஒரு தீவில் தன் ஐந்து மகன்களோடு இன்டர்நேஷனல் ரெஸ்க்யூ என்ற ரகசிய மீட்புப் படையை நடத்துகிறார். (மகன்களின் பெயர்களான ஸ்காட், வர்ஜில், ஆலன், கார்டன், ஜான் எல்லாமே மெர்க்குரி என்ற அமெரிக்காவின் முதல் விண்வெளித் திட்டத்து வீரர்களின் பெயர்கள்.) உலகத்தில் எங்கே யார் சிக்கிக்கொண்டாலும் இவர்கள் போய்க் காப்பாற்றுவார்கள். நான் இந்தத் தொடரை இவ்வளவு நேசிப்பதற்குக் காரணமே அதுதான். வில்லன் வந்து போனாலும் கதையின் உயிர் அவனை அடித்து வீழ்த்துவதில் இல்லை. உள்ளே ஆள் மாட்டியிருக்கிறான், நேரம் ஓடுகிறது, எந்த இயந்திரத்தைக் கொண்டு போனால் வெளியே எடுக்கலாம், அவ்வளவுதான் கேள்வி. 1963-ல் ஜெர்மனியின் லெங்கெடே இரும்புச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் சிக்கியபோது, துளைபோடும் கனரக இயந்திரம் தூரத்திலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியிலிருந்துதான் தொடரை உருவாக்கிய ஜெர்ரி ஆண்டர்சனுக்கு இந்த யோசனை பிறந்தது.

முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபயர்ஃப்ளாஷ் என்ற அணுசக்தி விமானத்தின் சக்கரப் பகுதியில் குண்டு, தரையில் இறங்கினால் வெடிக்கும், இறங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கதிர்வீச்சில் பயணிகள் செத்துப் போவார்கள். அப்புறம் வர்ஜில் என்ன செய்கிறான் என்றால், லண்டன் விமான நிலைய ஓடுபாதையில் தட்டையான வண்டிகளை விமானத்தின் வேகத்துக்கே ஓட்டிக்கொண்டு போய், சக்கரத்தை வெளியே எடுக்காமலே அதை அந்த வண்டிகளின் மேல் இறக்கப் பார்க்கிறான். ஒரு வண்டி நடுவில் பழுதாகிக் கட்டுப்பாட்டை இழக்கிறது. எல்லாம் மாடல்கள் என்று தெரிந்தும் உள்ளங்கை வியர்க்கிறது!

அதற்குக் காரணம் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸைப் பார்த்துக்கொண்ட டெரெக் மெடிங்ஸ். வெடிப்புகளை அதிவேகமாகப் படமெடுத்துச் சாதாரண வேகத்தில் ஓட்டுவதால் சின்ன நெருப்பும் பிரமாண்டமாகத் தெரியும். புத்தம் புதிய மாடல்களில் வேண்டுமென்றே அழுக்கையும் புகைக் கறையையும் பூசுவார், அதனால் மீட்பு இயந்திரங்களைச் சுமந்து போகும் பெரிய விமானமான தண்டர்பேர்ட் 2 பல வருஷம் உழைத்த லாரி மாதிரியே இருக்கும். அது புறப்படும்போது இரண்டு பக்கமும் தென்னை, பனை மாதிரி நிற்கும் மரங்கள் அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்து வழிவிடுமே, அந்தக் காட்சிக்கு பேரி க்ரேயின் இசையும் சேர்ந்துகொண்டால் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

குறைகளும் உண்டு. முதலில் 25 நிமிடத் தொடராகத்தான் எடுக்க ஆரம்பித்தார்கள், முதல் பகுதியைப் பார்த்து அசந்துபோன தயாரிப்பு முதலாளி லூ க்ரேட் ஒரு மணி நேர நிகழ்ச்சியாக்கச் சொல்லிவிட்டார், அதனால் ஆரம்பப் பகுதிகள் சிலவற்றில் இழுவை தெரிகிறது. பொம்மைகளுக்கு நடை சரியாக வராது. இதெல்லாம் பரவாயில்லை. எனக்கு உறுத்துவது வேறு: முக்கிய வில்லன் ஹூட், மலேசியக் காட்டுக் கோவிலில் இருந்துகொண்டு கண்ணாலேயே மந்திரம் போடும் ஆசியக்காரன், அவனுடைய அண்ணன் தம்பி உறவான கிரானோ, ட்ரேசி வீட்டில் பணியாள். வெள்ளைக்காரர்கள் ஆசியர்களை அப்படித்தான் பார்த்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பார்ப்பது நல்லது. லேடி பெனிலோப், ஆறு சக்கர இளஞ்சிவப்பு ரோல்ஸ் ராய்ஸில் வந்து பதறாமல் வேலையை முடிக்கும் உளவாளி, அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். அவருக்குக் குரல் கொடுத்தவர் தொடரை ஜெர்ரியுடன் சேர்ந்து உருவாக்கிய சில்வியா ஆண்டர்சன்.

டிஸ்க் வாங்குபவர்கள் கவனியுங்கள், அகலத் திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டிய பதிப்பு ஒன்று உண்டு, பழைய 4:3 அளவில் இருப்பதையே தேடி வாங்குங்கள். முதல் பகுதிக்கு அப்புறம், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையே நகர்த்தப் போய் விபரீதமாகும் நியூயார்க் பகுதியைப் போடுங்கள். முதல் சீசனின் கடைசிப் பகுதி பெரும்பாலும் பழைய காட்சிகளின் தொகுப்பு, அதைத் தாண்டிவிடலாம்.