ஏலகிரியில் ஓய்வு வீடு: பல வருஷம் பயன்படுத்திய பிறகு

வேலூர்க்காரர்கள் மலையில் வீடு வாங்கலாம் என்று பேசத் தொடங்கினால் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் பேச்சு போகும். நாங்கள் ஏலகிரியைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் தூரம். இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். சனிக்கிழமை காலை டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் மலைப்பாதை பிடித்து, மதியச் சமையலுக்கு மேலே போய்ச் சேர்ந்துவிடலாம். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கடையெழு வள்ளல்களைப் பேரப்பிள்ளைகள் மனப்பாடம் செய்தது இந்த ரோட்டில்தான்.

எங்கள் வீடு இருப்பது மதில் சுற்றிய ஒரு குடியிருப்பு வளாகத்தில். சின்னச் சின்ன வீடுகள், பொதுத் தோட்டம், ஊஞ்சலும் சறுக்கு மரமும் உள்ள விளையாட்டு இடம், ஒரு சிறிய நீச்சல் குளம், வாட்ச்மேன். வாங்கும்போது எல்லாரும் குளத்தைத்தான் பார்க்கிறார்கள். குழந்தைகள் வளர்ந்ததும் அந்தப் பக்கம் யாரும் அதிகம் போவதில்லை, அதற்கான பராமரிப்புக் கட்டணம் மட்டும் மாதா மாதம் போகிறது. இன்றைக்கு வாங்குகிறவராக இருந்தால் நான் குளத்தை விட்டுவிட்டு தண்ணீரைப் பார்ப்பேன். போர்வெல் எத்தனை, ஏப்ரல், மே மாதத்தில் வருகிறதா, பொதுத் தொட்டி எவ்வளவு பெரியது, மழைநீர் எங்கே போகிறது? கோடையில் எங்கள் வளாகத்தில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். ஒரு வருஷம் லாரித் தண்ணீர் வரவழைக்க வேண்டியிருந்தது, அதைச் சுமை ஏற்றி மலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு தனி.

குளிரைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏலகிரி சுமார் 1,000 மீட்டர் உயரம்தான். அக்னி நட்சத்திரத்தில் பகலில் இங்கேயும் வெயில் தெரியும், ஃபேன் வேண்டும். ஆனால் வேலூரில் 40 டிகிரி தாண்டி, இரவு பத்து மணிக்கும் சுவர் அனல் விடும் நாட்களில், மேலே சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் காற்று வரும். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே எத்தனை முறையும் மலை ஏறலாம்.

உண்மையான வேலை மழைக்காலத்தில். ஐப்பசி, கார்த்திகையில் பூட்டியே கிடந்த வீட்டைத் திறந்தால் பூஞ்சை வாடைதான் முதலில் வரவேற்கும். மெத்தை, அலமாரி, பீரோவில் வைத்த புடவை எல்லாவற்றிலும் ஈரம். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். "சார், வீட்ட மூடியே வச்சா கெட்டுடும். வாரத்துக்கு ஒரு நாள் நான் தொறந்து காத்து விடறேன்" என்று அவராகவே சொன்னார். அன்றிலிருந்து சாவி அவரிடம்தான். சம்பளத்துக்கு மேல் தீபாவளி, பொங்கலுக்குத் துணிமணி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி என்று நாங்கள் செய்வதெல்லாம் அவர் செய்வதற்குக் குறைவுதான். நம்பகமான ஒருவர் கிடைக்காத வீடுகள் எங்கள் வரிசையிலேயே இரண்டு மூன்று இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை கோடை விழாவுக்கு வந்து, கரையான் அரித்த கதவைப் பார்த்து வருத்தப்பட்டுப் போகிறார்கள். நல்ல வீடுகள் அவை. ஆள் புழங்காமல் வீணாகின்றன.

குரங்குக்கு அடுப்படி ஜன்னலில் கம்பி வலை கட்டாயம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி மூடியைக் கட்டியே வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாமல் மழை நாளில் சிரமம். மற்றபடி மளிகை, பால், சிலிண்டர் எல்லாம் அத்தனாவூரில் கிடைத்துவிடுகிறது.

சரி, அங்கே போய் என்னதான் செய்வோம்? முதல் ஒன்றிரண்டு வருஷம் எல்லாரையும் போலப் புங்கனூர் ஏரியில் படகு, நிலாவூர், மங்களம் கிராமத்திலிருந்து சுவாமிமலை ஏற்றம், மழை முடிந்த கையோடு ஜலகாம்பாறை அருவி என்று சுற்றினோம். இப்போது காலையில் ஒரு நடை, அப்புறம் தோட்டம். நாங்கள் நட்ட பலா காய்க்கத் தொடங்கிவிட்டது. மத்தியானம் தூக்கம். என் மனைவி வேலூரில் மத்தியானம் கண் அசந்து நான் பார்த்ததே இல்லை, இங்கே அசந்து தூங்குகிறார். எனக்கு இந்த வீட்டில் பிடித்த விஷயமே அதுதான். விருந்தாளிகள் வந்தால் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானியல் ஆய்வு மையத்துக்கு அழைத்துப் போவதுண்டு. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது, 1986இல் நிறுவியது. 1977இல் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது காவலூரின் வேறொரு தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்தது. நம் மாவட்டப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டிய இடம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு மனக்குறை உண்டு. வளாகத்தில் சில வீடுகளை நாள் வாடகைக்கு விடத் தொடங்கிய பிறகு சனிக்கிழமை இரவுகளில் பாட்டுச் சத்தம் அதிகமானது. குழந்தைகள் தூங்க முடியாமல் அழுத இரவுகள் உண்டு. உரிமையாளர்கள் சங்கத்தில் பேசி, இரவு பத்துக்கு மேல் வெளியே ஸ்பீக்கர் கூடாது என்று தீர்மானம் போட்டோம். பாதி நாள் நடக்கிறது, பாதி நாள் வாட்ச்மேன் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அதனால் வாங்குமுன் சங்கத்தின் விதிகளை எழுத்தில் கேளுங்கள். வாடகைக்கு விடலாமா, சத்தத்துக்கு என்ன கட்டுப்பாடு, பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களை என்ன செய்வார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி மூன்றையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். மலையில் விதிகள் கூடுதல்.

பிறகு அதே வளாகத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு முறை தங்கிப் பாருங்கள். ஒன்று மே மாதச் சனி, ஞாயிறு, கூட்டமும் தண்ணீரும் தெரியும். இன்னொன்று நவம்பரில் மழை பெய்யும் ஒரு வார நாள். அந்த நவம்பர் நாளில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க உங்களுக்குப் பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுங்கள்.